‘பிடித்துக் காட்டில் விட்டுவிடுங்கள்’: வீடு புகும் விலங்குகளைக் கையாளப் பயிற்சி எதற்கு?

அமெரிக்காவின் ஒரு புறநகரில், மே மாதத்தில், ஒருவர் போன் செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். “எங்கள் பரணில் ஒரு ராக்கூன் புகுந்துவிட்டது. வந்து பிடித்து, தூரமாக ஏதாவது காட்டில் விட்டுவிடுங்கள்.” ராக்கூன் என்பது கண்ணைச் சுற்றிக் கறுப்பு முகமூடி போட்டதுபோல இருக்கும், இரவில் நடமாடும் வட அமெரிக்க விலங்கு. மறுமுனையில் இருப்பவருக்கு இதுதான் பிழைப்பு. ராக்கூன், அணில், வௌவால், ஸ்கங்க், பாம்பு என்று வீட்டுக்குள்ளும் தோட்டத்திலும் வந்து தொல்லை தரும் காட்டு விலங்குகளைக் கையாள அங்கே தனித் தொழில் இருக்கிறது. கரையானுக்கும் கரப்பானுக்கும் மருந்தடிக்க வருபவர் வேறு, இவர் வேறு. பல மாநிலங்களில் காசு வாங்கிக்கொண்டு இந்த வேலையைச் செய்ய லைசென்ஸோ அனுமதிச் சீட்டோ வேண்டும்.

கேட்டவர் நல்ல மனதோடுதான் கேட்கிறார். கொல்லச் சொல்லவில்லை. ஆனாலும் அந்தச் சின்ன வாக்கியத்தில் ஏறக்குறைய ஒவ்வொரு சொல்லும் தப்பாக இருக்க வாய்ப்புண்டு. இந்தத் தொழிலுக்கான பயிற்சி என்ன சொல்லிக்கொடுக்கிறது என்று என்னைக் கேட்டால், அந்த வாக்கியத்தைச் சொல் சொல்லாகப் பிரித்து சந்தேகப்படச் சொல்லிக்கொடுக்கிறது என்பேன்.

முதலில் ‘ராக்கூன்’. அது ராக்கூன்தான் என்று யார் சொன்னது? பெரும்பாலும் வீட்டுக்காரர் விலங்கைப் பார்த்திருக்க மாட்டார், சத்தத்தை மட்டும் கேட்டிருப்பார். அதனால் பயிற்சியில் அடையாளம் காண்பதற்குப் பெரிய இடம் உண்டு. சத்தம் வரும் நேரமே பாதி விடையைச் சொல்லிவிடும். பொழுது விடியும்போதும் பகலிலும் குறுகுறுவென்று ஓடினால் அணிலாக இருக்கலாம். நள்ளிரவில் தடதடவென்று கனமான நடை கேட்டால் ராக்கூன். இரவில் மெல்லிய ஓட்டம் என்றால் எலியாகவும் இருக்கலாம், பறக்கும் அணிலாகவும் இருக்கலாம்.

அப்புறம் எச்சம். வௌவால் எச்சமும் சுண்டெலிப் புழுக்கையும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும். கையுறை போட்ட விரலால் நசுக்கினால், வௌவாலுடையது பொடிப்பொடியாக உதிரும், அதில் பூச்சிகளின் சிறகுத் துணுக்குகள் மினுங்கும். காய்ந்த எலிப் புழுக்கை அப்படி உதிராது. ஓட்டையின் அளவும் பேசும். சுண்டெலிக்கு 6 மில்லிமீட்டர் இடைவெளி போதும், வௌவாலுக்கு ஏறக்குறைய 1 சென்டிமீட்டர். ராக்கூனோ பூனையைவிடப் பெரிய உடம்புக்காரன், முன்னங்கால்களை விரல்கள்போலப் பயன்படுத்திக் கூரைப் பலகையையே பிய்த்துக்கொண்டு உள்ளே போகும். ஓட்டை இன்னும் புழக்கத்தில் இருக்கிறதா என்று பார்க்க ஒரு பழைய உத்தி: கசக்கிய செய்தித்தாளை அதில் லேசாகச் செருகிவிட்டு வர வேண்டும். இரண்டு மூன்று நாள் கழித்தும் தாள் அப்படியே இருந்தால் அந்த வழியாக யாரும் போய்வருவதில்லை. செலவே இல்லாத சோதனை, ஆனால் இதைச் செய்யாமல் ஓட்டையை அடைத்தவர்கள் பின்னால் நிறையவே அவதிப்படுகிறார்கள்.

அடுத்து ‘ஒரு’. மே மாதத்தில் பரணில் இருக்கும் ராக்கூன் அநேகமாக ஒன்று அல்ல. பெண் ராக்கூன் வசந்த காலத்தில் மூன்று முதல் ஐந்து குட்டிகள்வரை போடும், தனியாகவே வளர்க்கும். அது பரணைத் தேடி வந்ததே பிரசவத்துக்காகத்தான். தாயை மட்டும் பிடித்துக்கொண்டு போனால் குட்டிகள் மேலே பட்டினியில் கத்தும், சாகும், பிறகு வீடு நாறும். வேறொரு கோணமும் உண்டு. பகலில் ராக்கூன் நடமாடினால் ‘வெறி பிடித்துவிட்டது’ என்று பயப்படுவார்கள். பால் கொடுக்கும் தாய் பசி தாங்காமல் பகலிலும் இரை தேடும். நோயுற்ற விலங்கு தள்ளாடும், காரணமின்றிப் பாயும், மனிதரைக் கண்டு விலகாது. இந்த வித்தியாசத்தைத் தெரிந்தவர்தான் வீட்டுக்காரரைச் சமாதானப்படுத்த முடியும்.

ஆக, இந்தத் தொழிலில் இருப்பவருக்கு ஒரு நாட்காட்டி மனப்பாடமாக இருக்க வேண்டும். சாம்பல் நிற அணில் ஆண்டுக்கு இரண்டு முறை, குளிர்காலக் கடைசியிலும் கோடையிலும் குட்டி போடும். வௌவால்கள் கோடையின் முற்பகுதியில் பெண்களாகக் கூடிக் குட்டி ஈனும். பெரும்பாலான இனங்களில் தாய்க்கு ஆண்டுக்கு ஒரே குட்டி. குட்டிகள் பறக்கத் தொடங்கும்வரை வழியை அடைக்கக் கூடாது. அடைத்தால் தாய்கள் வெளியே, குட்டிகள் உள்ளே. எந்தத் தேதிமுதல் எந்தத் தேதிவரை இந்த வேலையைத் தொடக்கூடாது என்பது இடத்துக்கு இடம் மாறும். பொதுவாக மே முதல் ஆகஸ்ட் நடுப்பகுதிவரை என்று சொல்லலாம்.

வௌவால்களிடம் இவ்வளவு கவனம் ஏன் என்று கேட்கலாம். 2006 குளிர்காலத்தில் நியூயார்க் மாநிலத்தின் குகை ஒன்றில் முதலில் பதிவான ‘வெள்ளைமூக்கு நோய்’ என்ற பூஞ்சைத் தொற்று வட அமெரிக்காவில் பல லட்சக்கணக்கான வௌவால்களைக் கொன்றிருக்கிறது. ஆண்டுக்கு ஒரே குட்டி போடும் பிராணி அந்த இழப்பிலிருந்து சீக்கிரம் எழுந்திருக்க முடியாது. தவறான வாரத்தில் அடைக்கப்படும் ஒரு ஓட்டை ஒரு கூட்டத்தின் அந்த வருடப் பிறப்பு முழுவதையும் முடித்துவிடும்.

சரி, ‘பிடித்து’ என்ற சொல்லுக்கு வருவோம். வெளியிலிருந்து பார்ப்பவர்கள் இந்தத் தொழிலே பிடிப்பதுதான் என்று நினைக்கிறார்கள். நன்றாகப் பயின்றவர் பொறியைக் கடைசியில்தான் எடுப்பார். ஓட்டை திறந்தே இருக்கும்போது ஒன்றைப் பிடித்தால், காலியான வீட்டுக்கு அடுத்த வாரம் இன்னொன்று குடிவரும். அதனால் பாடத்தில் பெரும்பங்கு தச்சு வேலைபோல இருக்கும். கூரை எங்கே சுவரோடு சேர்கிறது, எங்கே விரிசல் விடும், புகைபோக்கிக்கு என்ன மூடி, எந்தப் பருமனில் துத்தநாகம் பூசிய கம்பிவலை, இப்படி. ஸ்பான்ஜ்போல ஊதிப் பெருகும் நுரையை மட்டும் அடித்துவிட்டுப் போனால் எலியும் அணிலும் ஒரே இரவில் கடித்துத் துளைத்துவிடும்.

இதில் அழகான கருவி ஒருவழிக் கதவு. உள்ளிருந்து தள்ளினால் திறக்கும், வெளியிலிருந்து தள்ளினால் திறக்காது. வௌவாலுக்கு வெறும் குழாயோ, ஓட்டைக்கு மேல் தொங்கவிட்ட வலைத் துண்டோகூடப் போதும். இரவில் இரைக்குப் போனவை திரும்ப நுழைய வழி தெரியாமல் வேறு இடம் பார்த்துக்கொள்ளும். ஒரு வாரம்போல நல்ல வானிலையில் விட்டுவைத்து, உள்ளே ஒன்றும் இல்லை என்று உறுதிப்படுத்திக்கொண்டு கடைசி ஓட்டையை அடைக்க வேண்டும். மற்ற எல்லாச் சந்துகளையும் அதற்கு முன்பே அடைத்திருக்க வேண்டும் என்பதுதான் புதியவர்கள் தவறவிடும் இடம்.

பொறி வைத்தே ஆகவேண்டிய நேரமும் வரும். அப்போது எந்தப் பொறி, எந்த இரை, எங்கே வைப்பது என்பது ஒரு தனிப் பாடம். மீன் வைத்தால் ராக்கூன் வரும், கூடவே பக்கத்து வீட்டுப் பூனையும் வரும். அதனால் பலர் மார்ஷ்மெல்லோ வைக்கிறார்கள். பூனை அந்த இனிப்பைத் திரும்பிக்கூடப் பார்க்காது. கூண்டை வெயிலில் வைக்கக்கூடாது. பொறியை எத்தனை மணி நேரத்துக்குள் பார்க்க வேண்டும் என்பதை மாநிலச் சட்டம் சொல்லும், பெரும்பாலும் நாளுக்கு ஒரு முறையாவது. வெள்ளிக்கிழமை வைத்துவிட்டுத் திங்கட்கிழமை வந்து பார்ப்பவரிடம் லைசென்ஸ் இருக்கக்கூடாது என்பது என் கருத்து.

ஸ்கங்க் மாட்டினால் கதை வேறு. கறுப்பும் வெள்ளையுமான இந்தப் பிராணி, வாலடியிலிருந்து பீய்ச்சும் திரவத்தின் நாற்றம் நாட்கணக்கில் போகாது. கூண்டை அணுகும்போது ஒரு பழைய போர்வையை முன்னால் திரைபோலப் பிடித்துக்கொண்டு, மெதுவாகப் பேசியபடியே போய், கூண்டின்மீது போர்த்திவிட வேண்டும். இருட்டில் அது அமைதியாகிவிடும். பட்டுவிட்டால் என்ன செய்வது? தக்காளிச் சாற்றில் குளிப்பது வெறும் ஐதிகம். அந்த நாற்றத்துக்குக் காரணம் தயோல் என்ற கந்தகச் சேர்மங்கள். ஆக்சிஜன் ஏற்றினால் அவை நாற்றமில்லாதவையாக மாறும். பால் கிரேபாம் என்ற வேதியியலாளர் சொன்ன கலவை 1993-இல் ஒரு வேதியியல் இதழில் வந்தது: 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு ஏறக்குறைய ஒரு லிட்டர், கால் கப் சமையல் சோடா, ஒரு டீஸ்பூன் பாத்திரம் கழுவும் சோப்புத் திரவம். கலந்தவுடன் பயன்படுத்திவிட வேண்டும். மூடிய பாட்டிலில் வைத்தால் வாயு பெருகி வெடிக்கும்.

‘தூரமாக ஏதாவது காட்டில்’. இந்தச் சொற்களைத்தான் மக்கள் மிகவும் அன்போடு சொல்கிறார்கள், ஆபத்தும் இதில்தான் அதிகம். புறநகரில் வாழ்ந்த ஒரு விலங்குக்குத் தெரியாத காட்டில் எங்கே பொந்து, எங்கே தண்ணீர், எது யாருடைய எல்லை என்று எதுவும் தெரியாது. மேரிலாந்தில் புறநகரிலிருந்து பெரிய காட்டுக்கு மாற்றப்பட்ட 38 அணில்களைப் பின்தொடர்ந்தார்கள். 88 நாட்களுக்குள் 97 சதவீதம் செத்துப்போயின அல்லது காணாமல் போயின. விட்டவருக்கு மனநிம்மதி, அணிலுக்கு இந்த முடிவு.

இடம் மாற்றப்படும் விலங்கு தன்னோடு நோயையும் எடுத்துப்போகும். ராக்கூன்களிடையே பரவும் ரேபிஸ் வகை ஒரு காலத்தில் ஃப்ளோரிடாவிலும் அதை ஒட்டிய தென்கிழக்கு மாநிலங்களிலும் மட்டும் இருந்தது. 1970-களில் வேட்டைக்காக ராக்கூன்களைத் தெற்கிலிருந்து பிடித்து மேற்கு வர்ஜீனியாப் பக்கம் கொண்டுபோய் விட்டார்கள். அவற்றில் சில நோயைச் சுமந்து வந்தன என்பதே ஆய்வாளர்களின் முடிவு. 1977-இல் மேற்கு வர்ஜீனியாவில் முதல் நோயாளி ராக்கூன் கண்டுபிடிக்கப்பட்டது. 1990-களில் நோய் நாட்டின் வடகிழக்கு மூலையிலுள்ள நியூ இங்கிலாந்து மாநிலங்களுக்கே போய்விட்டது. இன்றுவரை அமெரிக்க வேளாண் துறையின் காட்டுயிர்ப் பிரிவு, அந்த நோய் மேற்கே நகராமலிருக்க, தடுப்பு மருந்து வைத்த இரைகளை விமானத்திலிருந்து போட்டுக்கொண்டிருக்கிறது. சில லாரிச் சுமை விலங்குகளை இடம் மாற்றியதன் விலை இது. மாசசூசெட்ஸ் மாநிலத்தில் பிடித்த காட்டு விலங்கை வேறு இடத்தில் கொண்டுபோய் விடுவதே சட்டவிரோதம். வேறு பல மாநிலங்களிலும் இதேபோலக் கட்டுப்பாடுகள் உண்டு.

அப்படியானால் பிடித்ததை என்ன செய்வது? பல சமயம் இரண்டே வழிதான்: அதே இடத்தில், ஓட்டையை அடைத்தபின், வெளியே விடுவது, அல்லது வலியில்லாமல் கொல்வது. இரண்டாவதைப் பற்றி யாரும் விரும்பிப் பேசுவதில்லை, ஆனால் பயிற்சியில் அது இல்லாவிட்டால் அந்தப் பயிற்சியே பொய். அமெரிக்கக் கால்நடை மருத்துவச் சங்கம் விலங்குகளை வலியில்லாமல் முடிப்பதற்கான வழிகாட்டியை வெளியிடுகிறது. 2020-இல் அதன் புதிய பதிப்பு வந்தது. கூண்டோடு தண்ணீரில் அமுக்குவதை அது ஏற்கவில்லை. ஊர்ப்புறங்களில் நெடுங்காலம் நடந்துவந்த வழக்கம் அது.

கடைசியாக ‘விட்டுவிடுங்கள்’. சில சமயம் விடவே கூடாது. இந்த இடத்தைப் பயிற்சியில் இருப்பவர் கண்ணை மூடிக்கொண்டும் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். காலையில் குழந்தை தூங்கிய அறையில் ஒரு வௌவால் சுற்றுகிறது. வீட்டுக்காரர் ஜன்னலைத் திறந்து விரட்டப் போகிறார். நிறுத்தச் சொல்ல வேண்டும். வௌவாலின் பல் மிகச் சிறியது, கடித்த தழும்பு தெரியாமலே போகும். தூங்கிய குழந்தைக்குச் சொல்லவும் தெரியாது. அமெரிக்காவில் மனிதருக்கு ரேபிஸ் வரும் முக்கிய வழி வௌவால்தான், அறிகுறி தெரிந்தபின் அந்த நோயிலிருந்து பிழைப்பது மிக மிக அரிது. அந்த வௌவாலைப் பிடித்து, பொதுச் சுகாதாரத் துறைக்குச் சொல்லி, பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். சோதிக்கப்படுவது மூளை. அதனால் தலையில் அடிக்கக் கூடாது. ஒரு டென்னிஸ் மட்டையால் ஓங்கி அடித்தால், கிடைக்க வேண்டிய விடையும் நசுங்கிப்போகும். குடும்பம் முழுவதும் ஊசி போட்டுக்கொள்ள வேண்டி வரலாம்.

வேலை செய்பவருடைய உடம்புக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். ரேபிஸ் தடுப்பூசியை இவர்கள் கடி படுவதற்கு முன்பே போட்டுக்கொள்ளச் சொல்கிறார்கள். கடித்தபின் போடுவதும் தவறாமல் தொடர வேண்டும், முன்னே போட்டிருந்தால் அது எளிதாகும். ராக்கூன் ஒரே இடத்தில் மலம் கழிக்கும். அந்த மலத்தில் உருளைப்புழு முட்டைகள் இருக்கலாம். அவை மனித மூளைக்கும் கண்ணுக்கும் போகக்கூடியவை. வழக்கமான கிருமிநாசினி எதற்கும் அவை அசையாது, கொதிநீரோ நெருப்போதான் வேண்டும். ஒரே ஒரு நல்ல செய்தி, முட்டை வெளியே வந்து நோய் பரப்பும் நிலைக்கு வர இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும், எனவே உடனே சுத்தம் செய்தால் அபாயம் குறைவு. பறவை, வௌவால் எச்சம் குவிந்த இடத்தில் ஹிஸ்டோபிளாஸ்மா என்ற பூஞ்சை நுரையீரலுக்குள் போகலாம். எலிப் புழுக்கையைத் துடைப்பத்தால் வறட்டுப் பெருக்கு பெருக்கவே கூடாது. 1993-இல் அமெரிக்காவின் நான்கு மாநில எல்லைகள் சந்திக்கும் பகுதியில் ஹன்டா வைரஸ் நோய் வெளிப்பட்டபின் எல்லோரும் கற்ற பாடம் இது: நீர்த்த பிளீச்சால் நனைத்து, ஊறவிட்டு, பிறகு துடைக்க வேண்டும். முகக்கவசம் நன்றாகப் பொருந்துகிறதா என்று சோதித்துப் பார்ப்பதும் பாடத்தில் உண்டு. தாடி வைத்தவர்களுக்கு இந்த இடத்தில் சங்கடம்தான்.

ஆனால் இந்தத் தொழிலில் எளிதில் காலை வாருவது விலங்கு அல்ல, ஏணி. உயரத்துக்கு நாலில் ஒரு பங்கு தூரம் அடிப்பகுதி சுவரிலிருந்து தள்ளி இருக்க வேண்டும், கூரை விளிம்புக்கு மேல் 3 அடியாவது ஏணி நீண்டிருக்க வேண்டும். வௌவாலைப் பற்றிய பாடத்தைக் கண்கள் விரிய விரியக் கேட்பவர்கள் ஏணிப் பாடத்தில் தூங்கிவிடுகிறார்கள் என்றால் ஆச்சரியப்பட மாட்டேன்.

சட்டமும் ஒரு பெரிய பாடம், ஆனால் அதன் அடிப்படை சுலபம். அமெரிக்கச் சட்ட மரபில் காட்டு விலங்கு நிலத்துக்குச் சொந்தக்காரருடையது அல்ல. மக்களுக்காக மாநிலம் அதைப் பொறுப்பில் வைத்திருக்கிறது. அதனால்தான் உங்கள் வீட்டுப் பரணில் இருந்தாலும் அனுமதி கேட்க வேண்டியிருக்கிறது. வலசை போகும் பறவைகளுக்கு மேலே இன்னொரு அடுக்கு உண்டு: 1918-இன் வலசைப் பறவைகள் ஒப்பந்தச் சட்டம். புகைபோக்கிக்குள் கூடு கட்டும் சிம்னி உழவாரன் என்ற சின்னப் பறவையை, முட்டையோ குஞ்சோ இருக்கும்போது தொடக்கூடாது. அது குளிர்காலத்துக்குத் தென் அமெரிக்கா போனபின் மூடி போடலாம். புறாவும் வீட்டுச் சிட்டுக்குருவியும் ஐரோப்பிய ஸ்டார்லிங்கும் வெளியிலிருந்து வந்தவை, அந்தச் சட்டத்தின் பாதுகாப்பு அவற்றுக்கு இல்லை. ஆகவே ஒரு பறவைக் கூட்டைப் பார்த்தவுடன் இனத்தைச் சரியாகச் சொல்லத் தெரியாவிட்டால் ஒரு கூட்டாட்சிச் சட்டத்தை மீறும் அபாயம் இருக்கிறது.

பூச்சிமருந்து, விரட்டி மருந்து எதுவானாலும் லேபிளில் எழுதியிருப்பதே சட்டம். அணிலை விரட்டப் பரண் முழுக்க நாப்தலீன் உருண்டையைக் கொட்டுவது லேபிளை மீறுவது. மனிதக் காதுக்குக் கேட்காத ஒலியை எழுப்பி எலியை விரட்டுவதாகச் சொல்லும் கருவிகள் கடையில் நிறைய இருக்கின்றன. ஆதாரம் காட்டச் சொல்லி அவற்றைத் தயாரிப்பவர்களுக்கும் விற்பவர்களுக்கும் அமெரிக்க வணிக ஆணையம் 2001-இல் எச்சரிக்கைக் கடிதங்கள் அனுப்பியது. நல்ல பயிற்சியின் ஒரு பலன், எதை வாங்கக்கூடாது என்பதும் தெரிந்துவிடுகிறது.

இதையெல்லாம் எங்கே கற்பது? நியூயார்க்கில் மாநிலச் சுற்றுச்சூழல் துறை நடத்தும் தேர்வில் தேறினால்தான் லைசென்ஸ், அதற்கான பயிற்சிக் கையேட்டைக் கார்னெல் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து தயாரித்தார்கள். வேறு மாநிலங்களில் விதிகள் வேறு, சிலவற்றில் தேர்வே இல்லை. தேசிய அளவில் இத்தொழிலாளர்களுக்கென்று ஒரு சங்கம் இருக்கிறது, அது சான்றிதழும் வகுப்புகளும் தருகிறது. ஆனால் கேள்வித்தாளில் தேறியவருக்கு, மூத்தவர் ஒருவரோடு ஏணி தூக்கிக்கொண்டு அலைந்த அனுபவமும் வேண்டும். பரணின் வெப்பமும், வழுக்கும் கூரையும், பயத்தில் உறுமும் தாயும் புத்தகத்தில் வராது.

அந்த மே மாத போனுக்குத் திரும்புவோம். பயின்றவர் வருகிறார். ஓட்டையைப் பார்க்கிறார், பரணில் தவழ்ந்துபோய் குட்டிகளைத் தேடுகிறார். நான்கு. தடித்த கையுறையோடு ஒவ்வொன்றாக எடுத்து, கதகதப்பான பெட்டியில் வைத்து, அதை ஓட்டைக்கு வெளியே கூரையில் வைக்கிறார். ஓட்டையில் ஒருவழிக் கதவு. ராத்திரி தாய் இரைக்காக வெளியே வருகிறாள், குட்டிகளின் குரல் கேட்கிறது. பிடரியைக் கவ்வி ஒவ்வொன்றாகத் தனக்குத் தெரிந்த வேறொரு மரப்பொந்துக்குக் கொண்டுபோகிறாள். ராக்கூன் தாய்க்கு இப்படி மாற்று வீடுகள் ஏற்கெனவே இருக்கும். மறுநாள் காலையில் பெட்டி காலி. அவர் கதவைக் கழற்றுகிறார், கசக்கிய செய்தித்தாளை ஓட்டையில் செருகுகிறார், இரண்டு நாள் காத்திருக்கிறார், தாள் அசையவில்லை. அப்புறம்தான் கம்பிவலையையும் திருகாணிகளையும் எடுக்கிறார்.